இரண்டாம் நாயனம்



பண்ருட்டியில் பலாப்பழம் வாங்குவோர் பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை; விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பர். காய் கெட்டியான ஓசை தரும். பழுத்தது தொப்பென்ற ஓசை தரும். இவ்விரண்டுக்கும் இடையே, நாளை பழுக்கும், நாளை மறுநாள் பழுக்கும் என்று சொல்லும் ஓசைகளும் உண்டு. மண்டிக்காரரின் மகனுக்கு இதை எவரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. தந்தை தட்டும்போது அவன் அருகில் நிற்கிறான்; கேட்கிறான்; தானும் தட்டிப் பார்க்கிறான்; சில பழங்களில் ஏமாறுகிறான். பின்னர் ஒருநாள், அவன் சொன்ன பழத்தைத் தந்தை மறுபடி தட்டிப் பாராமலே வாங்க வந்தவரிடம் எடுத்துக் கொடுக்கிறார். அன்றோடு அவன் படிப்பு முடிந்தது.

ஜாஸ் இசையை இளையோர்க்குக் கற்பிக்கும் முறை குறித்துப் பேச வேண்டிய உரை பலாப்பழத்தில் தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். இலக்கிய வட்டத்தின் மேடையில் ஜாஸ் இசைக்கு என்ன வேலை என்றும் அவையோருள் சிலர் எண்ணக்கூடும். ஆனால் முன்னமே எழுதி வைக்கப்படாத ஒன்றை, அந்தக் கணத்தில் பிறக்க வேண்டிய ஒன்றை, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு கையளிப்பது என்னும் வினா இசைவாணர்க்கு மட்டும் உரியதன்று. ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைக் கவிகளைச் சொன்ன மரபு, நின்ற நிலையில் பாடும் ஆசுகவியை முதலில் வைத்தது. அந்த ஆற்றல் எங்கே போயிற்று என்பது கவிஞர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. ஜாஸ் அதற்கு ஒரு பக்கவழியைக் காட்டுகிறது.

ஜாஸ் என்பது அமெரிக்காவின் தெற்கே, நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்ற இசை. எல்லோரும் அறிந்த ஒரு மெட்டைச் சட்டகமாக வைத்துக்கொண்டு, குழுவில் உள்ளவர்கள் முறை மாற்றி அதன்மேல் புதிதாகப் புனைவர். ஒருவர் புனையும்போது மற்றவர் கேட்டு, தாங்கி, விடை கூறுவர். தமிழகத்து இசையில் ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம், தனி ஆவர்த்தனம் ஆகியவற்றின் இயல்பும் இதுவே. இரண்டும் ஒன்றே என்று கூறிவிடலாகாது. ஜாஸின் சட்டகம் சுழன்று சுழன்று வரும் சுரக்கூட்டுகளால் ஆனது. தமிழகத்து இசையின் சட்டகம் இராகத்தாலும் தாளத்தாலும் ஆனது. இலக்கணம் வேறு. ஆயினும் கற்கும் வழியில் வியப்பூட்டும் ஒற்றுமை இருக்கிறது.

நியூ ஆர்லியன்ஸில் இறந்தவரை இடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும்போது பித்தளை வாத்தியக் குழு உடன் செல்லும். போகும்போது துயரப் பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளும் பாட்டு. அக்குழுவின் பின்னே ஆடிக்கொண்டும் தாளம் தட்டிக்கொண்டும் வரும் கூட்டத்துக்கு 'இரண்டாம் வரிசை' என்று பெயர். அதில் சிறுவர்கள் மிகுதி. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் பறைக்குப் பின்னே ஓடும் பிள்ளைகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அந்த இரண்டாம் வரிசையில் ஓடிய சிறுவர்களுள் ஒருவர் 1901இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங்.

வறுமையில் வளர்ந்த அச்சிறுவன், 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகப் பிடிக்கப்பட்டு, கறுப்பினச் சிறுவர்க்கான சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் ஒரு வாத்தியக் குழுவை நடத்தி வந்தார். அவர் ஆம்ஸ்ட்ராங்குக்கு முதலில் கொடுத்தது கஞ்சிரா போன்ற ஒரு சிறு தாளக் கருவி. பிறகு முரசு. பிறகு, மெட்டைத் தாங்கி நிற்கும் ஓர் ஊதுகருவி. அதன்பின் படைக்கொம்பு. கடைசியில்தான் அவன் விரும்பிய கார்னெட் என்னும் சிற்றெக்காளம் கைக்கு வந்தது. இந்த வரிசை கவனத்திற்குரியது. முதலில் காலத்தைக் காத்தல், பின்னர் பிறர் பாட்டைத் தாங்குதல், அதன்பின் தன் பாட்டு.

பெரியமேளத்தில் வளர்ந்த பிள்ளைகளின் வரிசையும் ஏறக்குறைய இதுவே. குழுவில் சேரும் சிறுவன் கையில் முதலில் தாளம் கொடுக்கப்படும். சிலர் ஒத்து ஊதுவர். ஒத்து என்பது ஒரே சுருதியை இடையறாமல் ஊதிக்கொண்டிருக்கும் கருவி. அதில் புனைவதற்கு ஒன்றுமில்லை. ஊதுபவனுக்கு அது அலுப்பான வேலை என்றே பார்ப்பவர் நினைப்பர். ஆனால் திருவிழா இரவில் சுவாமி நான்கு வீதியும் சுற்றிவர எத்தனை நாழிகை ஆகிறதோ அத்தனை நாழிகையும் அவன் செவிக்குள் இராகம் ஊறிக்கொண்டிருக்கிறது. மல்லாரியில் தொடங்கி, ஒரு வீதி முழுவதும் ஒரே இராகம் விரிவதை ஆண்டுதோறும் கேட்டவனுக்கு, அந்த இராகம் எந்த இடத்தில் நிற்கும், எந்த இடத்தில் தயங்கும் என்பது விரலுக்குத் தெரியும் முன்னரே மூச்சுக்குத் தெரிந்துவிடும். தாளச் சிறுவனும் அப்படியே. தவில்காரர் எத்தனைக் கணக்கு வழக்குகளைப் போட்டு மயக்கினாலும் அவன் கை தடுமாறக் கூடாது. குழு முழுவதும் அந்தச் சிறு கையை நம்பி நிற்கிறது. இது விளையாட்டுப் பயிற்சியாக நடப்பதன்று. ஊரார் முன் நடக்கும் உண்மையான கச்சேரியில் ஒரு சிறு பொறுப்பு.

அடுத்த படி இரண்டாம் நாயனம். இங்கேதான் இவ்வுரையின் மையப் பொருள் இருக்கிறது.

1922இல் ஜோ ஆலிவர் என்னும் மூத்த கலைஞர் ஆம்ஸ்ட்ராங்கைச் சிக்காகோவுக்கு அழைத்துத் தம் குழுவில் இரண்டாம் கார்னெட்டாக அமர்த்திக்கொண்டார். குழு முழுவதும் திடீரென நின்றுவிட, இரண்டு அளவைகளுக்கு இரு கார்னெட்டுகள் மட்டும் ஒலிக்கும் இடங்கள் அவர்கள் இசையில் உண்டு. அங்கே ஆலிவர் வாசிப்பதோடு அப்படியே பொருந்திய துணைச்சுரங்களை ஆம்ஸ்ட்ராங் வாசிப்பார். கேட்டவர்கள் திகைத்தனர், மனப்பாடம் என்றே பலரும் கருதினர். பிற்காலத்தில் ஆம்ஸ்ட்ராங் அதன் வகையைச் சொன்னார். வரப்போகும் தொடரை ஆலிவர் சற்று முன்னரே, குழுவின் ஒலிக்குள் மெல்ல வாசித்துக் காட்டிவிடுவார். அதைப் பிடித்துக்கொண்டு, அந்த இடம் வருவதற்குள் தன் பங்கை மனத்தில் அமைத்துக்கொள்ள வேண்டியது இளையவரின் வேலை. 1923இல் அக்குழு பதிவுசெய்த இசைத்தட்டுகளில் இன்றும் இதனைக் கேட்கலாம். ஆசிரியர் பாடம் நடத்தவில்லை. கச்சேரியின் நடுவே, ஒரு நொடி முன்னதாக ஒரு குறிப்புக் கொடுத்தார். அவ்வளவே கற்பித்தல்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழும். ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறும் மாதவிக்கு ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் எனப் பல ஆசிரியர். குழலின் வழியே யாழ் நின்றது, யாழின் வழியே தண்ணுமை நின்றது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடிகள் அவ்வரங்கின் இசையைக் காட்டுகிறார். ஒவ்வொரு கருவியும் தனக்கு முன்னதைக் கேட்டு நிற்கிறது. மாதவி கற்றது ஒருவரிடம் ஒரு கலையை மட்டும் அன்று. இப்படி ஒருவரை ஒருவர் கேட்டு நிற்கும் ஒரு கூட்டத்தின் நடுவே அவள் வளர்ந்தாள். உரையாசிரியர்கள் இசை நுணுக்கத்தை விரித்த அளவுக்கு இந்தக் கல்விமுறையைத் தமிழ்த்துறையினர் எடுத்துப் பேசவில்லை என்றே சொல்ல வேண்டும்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையும் (1898-1956) காருகுறிச்சி அருணாசலமும் இந்த உறவுக்குத் தமிழ்மண்ணில் கிடைக்கும் சிறந்த சான்று. தோடி இராகத்தை இராசரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் விரிப்பார் என்பது அனைவரும் அறிந்தது. 1921இல் பிறந்த காருகுறிச்சியார் அவருக்கு இரண்டாம் நாயனமாக அமர்ந்து கற்றவர். ஆசான் ஒரு பிடியை வாசித்து நிறுத்துவார். மாணவர் அதை ஏற்க வேண்டும். அப்படியே திரும்ப வாசித்தால் எதிரொலி. அதனினும் மேலே போனால் அவையறியாமை. சற்றுக் குறைத்து, ஆனால் தன் குரலில் வாசித்தால் அதுவே கல்வி. மேடைதோறும் இந்த நுட்பமான அளவுக்குள் நின்று பழகியவர், பின்னர்த் தனி நாயனமாக எழுந்தபோது ஆசானின் நகலாக இல்லை. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு எதிரே ஒலித்த அவருடைய நாகசுரத்தைக் கேட்டவர்கள் அதை இராசரத்தினம் என்று மயங்கியிருக்க மாட்டார்கள். இரண்டாண்டுகளில் அவர் மறைந்துவிட்டது தமிழிசையின் பேரிழப்பு.

இரண்டாம் இருக்கையைப் போற்றும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. அந்த இருக்கை எல்லார்க்கும் கிடைக்கவில்லை. பெரியமேளம் நெடுங்காலம் சில சமூகங்களின் குடும்பங்களுக்குள்ளேயே வழங்கியது. பெண்ணுக்கு அங்கே இடமில்லை. மதுரை பொன்னுத்தாய் நாகசுரம் ஏந்தி மேடையேறியது அதனாலேயே ஒரு வரலாறாயிற்று. ஆலிவரின் குழுவில் பியானோ வாசித்த லில் ஹார்டின் என்னும் பெண்மணியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1924இல் ஆம்ஸ்ட்ராங்கை மணந்தவர் அவர். ஆசானுக்குப் பின்னால் அமர்ந்துகொண்டே இருந்தால் முதல் கார்னெட்டாக ஒருநாளும் ஆகமுடியாது என்று வற்புறுத்தி அந்தக் குழுவிலிருந்து அவரை வெளியேறச் செய்தவரும் அவரே. இரண்டாம் இருக்கையிலிருந்து எப்போது எழ வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஆசானும் சொல்வதில்லை, மாணவனுக்கும் தெரிவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று குருகுலங்கள் அருகிவிட்டன. தமிழ்நாடு அரசு பல மாவட்டங்களில் இசைப்பள்ளிகளைத் தொடங்கி நாகசுரத்தையும் தவிலையும் மூன்றாண்டுப் பாடமாக்கியது. பிறப்புப் பாராமல், ஆண் பெண் பாராமல் கதவு திறந்தது, அது பெரும்பேறு. ஆனால் வகுப்பறைக்கு மணி அடிக்கிறது. நான்கு வீதிகளும் விடியற்காலையும் பாடத்திட்டத்தில் இல்லை. வாய்ப்பாட்டு வகுப்புகளில் கற்பனைச் சுரத்தையே குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்து, பிள்ளைகள் அதை உருப்போட்டுப் போட்டியில் ஒப்பித்துப் பரிசு பெறும் வழக்கம் பரவியிருக்கிறது. பெயரோ கற்பனைச் சுரம், நடப்பதோ மனப்பாடம். ஜாஸ் இசையும் இதே இடரைச் சந்தித்தது. 1945இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய பள்ளி பின்னர் பெர்க்லி இசைக் கல்லூரியாக வளர்ந்தது. ஜாஸ் பல்கலைக்கழகப் பாடமாயிற்று. பெருங்கலைஞர்கள் ஒருமுறை புனைந்தவற்றை எழுத்தில் பெயர்த்து மாணவர்கள் உருப்போடத் தொடங்கினர். நகலெடுத்தல் தவறன்று, இளங்கொடியும் கொம்பைப் பற்றித்தான் ஏறுகிறது. பற்றியதோடு நின்றுவிடுவதே குறை.

மனப்பாடத்தின் வேர் அச்சத்தில் இருக்கிறது. பிழைபட்டுவிடுமோ என்னும் அச்சமே குறிப்பேட்டைக் கையில் கொடுக்கிறது. சார்லி பார்க்கர் பதினாறு வயதில் கேன்சஸ் நகரில் பெரியவர்கள் கூடி வாசிக்கும் ஓரவையில் தடுமாறியபோது, முழவுக் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தம் தாளத்தட்டைக் கழற்றித் தரையில் வீசி அவரை இறங்கச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவமானமே பார்க்கரை மேதையாக்கியது என்று இக்கதையைச் சொல்வோர் கூறுவர். தாளக்கோலால் அடிவாங்கிய கதைகளைக் கூறித் தமிழகத்திலும் அவ்வாறே பெருமிதப்படுவோர் உண்டு. அது முழு உண்மையாக இருக்க முடியாது. எழுந்து வந்த ஒருவரின் கதையே வழங்குகிறது. கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்களின் கதையை யார் சொல்வது?

இதற்கு எதிர்நிலையில் மற்றொரு நிகழ்ச்சி. 1960களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மைல்ஸ் டேவிஸின் கச்சேரி. பியானோ வாசித்த இளைஞர் ஹெர்பி ஹான்காக், பொருந்தாத ஒரு சுரக்கூட்டைத் தவறுதலாக அழுத்திவிட்டார். இரு கைகளாலும் செவியைப் பொத்திக்கொள்ளத் தோன்றியதாம் அவருக்கு. டேவிஸ் ஒரு கணம் மூச்சை நிறுத்தினார். பின்னர் அந்தத் தவறான கூட்டைச் சரியாக்கும் சுரங்களை எக்காளத்தில் வாசித்தார். ஹான்காக் இதனைப் பல இடங்களில் நன்றியோடு கூறியிருக்கிறார். கடிந்துகொள்ளவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நிகழ்ந்துவிட்ட ஒன்றை ஏற்றுக்கொண்டு அடுத்த சுரத்தைத் தேடினார் ஆசான். தண்ணுமையோன் பிற கருவிகளின் குறையை நிரப்ப வேண்டும் என்னும் பழைய இலக்கணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

தமிழர்க்கும் ஜாஸுக்கும் இடையே நேரடிப் பாலங்களும் உண்டு. வீணை தனம்மாளின் பேரரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவருமான மிருதங்கக் கலைஞர் த. ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தாளத்தைக் கையில் போட்டுச் சொற்கட்டை வாயால் சொல்ல வைத்தே மாணவர்களைப் பழக்கினார். அதே வளாகத்தில் நியூ ஆர்லியன்ஸின் முழவுக் கலைஞர் எட் பிளாக்வெல் பின்னாளில் ஆசிரியராக இருந்தார். 1970களில் கடம் விநாயக்ராம், ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன் ஆகியோர் 'சக்தி' குழுவில் இணைந்தனர். அக்குழு மீண்டும் கூடியபோது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் அதில் வாசித்தார். கர்நாடக இசையையும் ஜாஸையும் கிதாரில் இணைத்த பிரசன்னாவின் தலைமையில் 2010இல் செய்யூர்ப் பகுதியில் சுவர்ணபூமி இசைக்கழகம் தொடங்கப்பட்டு, தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு ஜாஸ் கற்பிக்கப்பட்டது. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த விஜய் ஐயர் பியானோவைப் பெரும்பாலும் தாமே கேட்டுக் கற்று, மூத்த கறுப்பினக் கலைஞர்களோடு உடன் வாசித்து வளர்ந்தவர். 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்.

இவற்றை எல்லாம் படிக்கும்போது பவணந்தியார் நினைவுக்கு வராமற் போகார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கால்பங்கு புலமையே வாய்க்கும். உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்குத் தான் விரித்துரைக்கும்போதே கிட்டும். எழுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட நன்னூலின் இந்தக் கணக்கில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு சிறியது! தமிழ் வகுப்புகளில் இந்நூற்பா தேர்வுக்கு உரிய வினாவாகவே ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகிறது. கால்பங்கைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது.

கவிதைக்கு வருவோம். கவியரங்கம் என்று பெயரிட்டு அழைக்கும் அரங்குகளில் இன்று நடப்பது என்ன? ஒவ்வொருவரும் எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்கின்றனர். தமக்கு முன் படித்தவர் எதைச் சொன்னாலும் கையிலுள்ள தாள் மாறுவதில்லை. தம் முறை முடிந்ததும் சிலர் பேருந்துக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். குழலின் வழி யாழ் நிற்கவில்லை. இளைய கவிஞர் ஒருவர் பத்தாண்டு இத்தகைய அரங்குகளுக்கு வந்தாலும் படிக்கக் கற்பாரேயன்றிப் பிறர் பாட்டைத் தாங்கக் கற்கமாட்டார்.

இப்பகுதிக்கு இது புதுமையான துறையும் அன்று. பண்ருட்டிக்கு வடக்கே, விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூருக்கும், தெற்கே தில்லைக்கும் கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். நடக்க இயலாதவரைப் பார்வையற்றவர் தோளில் சுமக்க, அவர் வழி சொல்ல இவர் நடந்தார் என்பது மரபுவழிச் செய்தி. வெண்பாவின் முன்னிரண்டு அடிகளை ஒருவர் பாட, பின்னிரண்டு அடிகளை மற்றவர் அப்போதே பாடி முடிப்பாராம். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்னும் ஆராய்ச்சி இருக்கட்டும். எதுகை எங்கே போகும் என்று காத்திருந்து, பாதி வெண்பாவின் பொருளை ஏற்று, தன் பாதியால் அதைத் திருப்பிவிடும் அந்த வேலை, ஆலிவரின் அருகே அமர்ந்திருந்த ஆம்ஸ்ட்ராங்கின் வேலையே.

சிக்காகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் வால்டர் டயட் என்னும் இசையாசிரியர் 1935 முதல் பல ஆண்டுகள் கறுப்பின மாணவர்களைப் பயிற்றுவித்தார். கண்டிப்பானவர். அவரிடம் பயின்ற வான் ஃப்ரீமன், 2012இல் தம் 88ஆம் வயதில் மறையும் வரை பெரும்பாலும் அதே நகரில் வாழ்ந்தார். நகரின் தென்பகுதியில் ஒரு சிறு விடுதியில் செவ்வாய்க்கிழமை இரவுதோறும் முதலில் தாம் வாசிப்பார். பின்னர் மேடையை யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று திறந்துவிடுவார். ஆண்டுக்கணக்காக இது நடந்தது. கருவியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகளும் அந்த மேடையில் ஏறினர். யாருக்கும் மதிப்பெண் இல்லை. அடுத்த செவ்வாய் மறுபடி வரலாம்.

நெய்வேலி நகரியத்துப் பிள்ளைகளும் பண்ருட்டியின் பிள்ளைகளும் வட்டத்தின் கூட்டங்களுக்கு வருகின்றனர். பின் வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுப் போகின்றனர். மாதத்தில் ஒரு கூட்டத்தை இரண்டாம் நாயனத்துக்கு ஒதுக்கலாம். மூத்தவர் ஒருவர் இரண்டடி சொல்ல, அருகில் அமர்ந்த இளையவர் இரண்டடியால் முடிக்க வேண்டும். தளை தட்டலாம், பொருள் தடுமாறலாம், அடுத்த ஈரடியில் மூத்தவர் அதை எடுத்து நேராக்கிக்கொள்வார். பரிசு கூடாது, பதிப்பிக்கும் நோக்கமும் கூடாது. பரிசு வந்தால் குறிப்பேடு வந்துவிடும். மரபுக்கவிஞர், புதுக்கவிஞர் என்னும் பூசலுக்கும் இங்கே இடமிராது. ஏற்கும் அடி எந்த நடையில் வருகிறதோ அந்த நடையில் விடை சொல்ல வேண்டும்.

இதில் கடினமான இருக்கை இளையவருடையதன்று. அவருக்குப் பிழைபட உரிமை உண்டு. முதல் ஈரடியை எழுதிக்கொண்டு வராமல், அந்த மேடையிலேயே, தம் மாணவர்கள் பார்த்திருக்கப் பாடுவதற்கு மூத்த கவிஞர் ஒருவர் முன்வர வேண்டும்.